1915 கலவரம்: கதையில் காணாமல் போன கடைக்காரர்

பழைய_ஏடு | ஞாயிறு, காலை 8.40

இலங்கையில் மதக் கலவரம் என்று பேச்செடுத்தால் நம்மில் பலர் 2014 அளுத்கமவில் தொடங்குகிறோம், அல்லது 2019 ஈஸ்டரில். கொஞ்சம் படித்தவர்கள் 1915-க்குப் போவார்கள். அங்கேயும் ஒரு விசித்திரம். 1915 பற்றி மூன்று பேரிடம் கேளுங்கள், மூன்று கதை கிடைக்கும். சிங்கள நண்பர் இராணுவ நீதிமன்றம் சுட்டுக் கொன்ற ஹென்றி பேதிரிஸைச் சொல்வார். தமிழர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் சிங்களவர்களுக்காகக் கடல் கடந்து போய் வாதாடியதைச் சொல்வார். கடை எரிந்தது யாருடையது என்று நாமாகக் கேட்டால்தான் முஸ்லிம்கள் கதைக்குள் வருவார்கள்.

எனக்குத் தெரிந்தவரை ஓட்டம் இது. கம்பளையில் வலஹாகொட தேவாலயத்தின் (பௌத்தர்கள் தெய்வம் வணங்கும் கோவில்) பெரஹெரா ஊர்வலம் அம்பகமுவ வீதி வழியாகப் போகும். அந்த வீதியில் கரையோரச் சோனகர்கள் (தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள்) ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். அதைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்றார் அரசாங்க அதிபர். நிறுத்த மாட்டோம், கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த 1815 கண்டி உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு பௌத்த மதத்தைக் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது என்று தேவாலயத்தின் நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. உடன்படிக்கைக்கு நூறு வயது நிறைந்தது அடுத்த மாதம், மார்ச் 2. தீர்ப்பு எந்த நேரத்தில் வந்து விழுந்திருக்கிறது பாருங்கள்.

பிறகு மே 28, பௌத்தர்களின் வெசாக் பண்டிகை இரவு, கண்டி காசல் ஹில் வீதி. நள்ளிரவு கழிந்து பௌத்தப் பக்திப் பாடல் கோஷ்டி ஒன்று வந்தது. அந்த நேரத்தில் வழியிலுள்ள பள்ளிவாசல் மூடியிருக்கும் என்ற கணக்கில்தான் அனுமதி. ஆனால் பள்ளியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வாசலில் ஆட்கள் நின்றார்கள். பொலிஸ் அதிகாரி ஊர்வலத்தைப் பக்கத்து வீதிக்குத் திருப்பினார். திரும்பியவர்களைப் பார்த்துப் பள்ளி வாசலில் நின்றவர்களிடமிருந்து கூச்சலும் சிரிப்பும். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் ஒன்பது மாகாணங்களில் ஐந்தில் தீ. உத்தியோகக் கணக்குப்படி 25 பேர் கொலை, 4,075 கடைகள் கொள்ளை, 17 பள்ளிவாசல்கள் எரிப்பு, 86 சேதம்.

கேள்வி இதுதான்: ஒரு மேளச் சத்தம் எப்படி ஐந்து மாகாணம் போனது?

---

தெருவோரம் | ஞாயிறு, காலை 9.15

பிரித்தாளும் சூழ்ச்சி. வேறென்ன? வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள்.

---

நூலகப்பூச்சி | ஞாயிறு, காலை 9.52

தெருவோரம், பாதி சரி. கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்களுக்கு இடம் இருந்தது உண்மை. பொதிமாடுகளில் சரக்கு கொண்டுபோகும் தவளம் அவர்கள் கையில் இருந்தது. அரண்மனை வைத்தியர்களாக இருந்த முஸ்லிம் குடும்பம் உண்டு. விகாரை நிலத்தில் குடியிருந்து அதற்கு ஊழியம் செய்தவர்களும் உண்டு. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டியபோது செனரத் மன்னன் கூட்டி வந்து மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான், 1626-இல்.

ஆனால் "எல்லாரும் ஒற்றுமை" என்று அடித்துவிட வேண்டாம். 1544-இல் மன்னாரில் மதம் மாறிய கத்தோலிக்கர்களை வெட்டிப்போட்டது நம் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன். திருக்கோணேச்சரத்தை இடித்தது போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் பாடு திண்டாட்டம். கத்தோலிக்கக் குரு ஜோசப் வாஸ் சுவாமி பிச்சைக்காரர் வேஷத்தில் வந்திறங்க வேண்டியிருந்தது.

1915-க்கு முன் இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். 1883, கொழும்பு கொட்டாஞ்சேனை.

---

பழைய_ஏடு | ஞாயிறு, காலை 10.05

விடவில்லை, நீங்கள் வருவீர்கள் என்று வைத்திருந்தேன் :) எழுதுங்கள்.

---

நூலகப்பூச்சி | ஞாயிறு, காலை 11.30

1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயமும் தீபதுத்தாராம விகாரையும் கூப்பிடு தூரத்தில். விகாரை மிகெட்டுவத்தே குணானந்த தேரருடையது, 1873 பாணந்துறை விவாதத்தில் பாதிரிமாரை வாயடைக்க வைத்தவர். விகாரைக்குப் பௌத்த ஊர்வலம் வருகிறது. ஆலய மணி அடிக்கிறது, கத்தோலிக்கர்கள் தடியோடு திரள்கிறார்கள், மோதல், பௌத்தர் ஒருவர் சாகிறார். யாருக்கும் தண்டனை இல்லை.

நியாயம் கேட்டு, பௌத்தர்களுக்காக உழைத்த அமெரிக்கர் ஒல்கொட் 1884-இல் லண்டன் போனார். கொலைக்கு நீதி வாங்க முடியவில்லை. பதிலுக்கு வெசாக் பொது விடுமுறையானது, 1885-இல். அந்த முதல் வெசாக்கில்தான் பௌத்தக் கொடி ஏறியது, அதே தீபதுத்தாராமயவில்.

கவனியுங்கள். கத்தோலிக்கர் கையில் அடி வாங்கியதற்கு ஈடாகக் கிடைத்தது வெசாக் விடுமுறை. முப்பது வருடம் கழித்து அதே வெசாக் இரவில் சோனகர் கடைகள் எரிகின்றன. அடித்தவன் ஒருவன், திருப்பி வாங்கியவன் வேறொருவன்.

இன்னும் ஒன்று. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போகலாம். ஈஸ்டரன்று இரத்தம் பார்ப்பது அந்தப் பகுதிக்கு முதல் தடவை அல்ல.

---

கம்பளைக்காரன் | ஞாயிறு, பகல் 1.20

எங்கள் ஊர்க் கதை ஓடுகிறது, நான் சும்மா இருக்கலாமா?

சின்ன வயதில் பெரஹெரா பார்க்க அப்பா கூட்டிப் போவார். நாங்கள் தோட்டத்துத் தமிழர், வழக்கில் எந்தப் பக்கமும் இல்லாதவர்கள். எனக்கு ஞாபகம் இருப்பது யானை அல்ல, மேளக்காரர்கள். பள்ளி இருக்கும் பக்கம் நெருங்கினால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவார்கள். மேளம் குறைகிறதா, கூடுகிறதா என்று. ஒன்றும் நடக்காது. ஆனாலும் கேட்பார்கள். வழக்கு என்ன, தீர்ப்பு என்ன என்று அவர்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது. காதுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

---

பழைய_ஏடு | ஞாயிறு, பகல் 2.00

கம்பளை ஐயா, இதைத்தான் நான் சுற்றிச் சுற்றிச் சொல்ல வந்தேன். வழக்குக்கு முன்னால் அது ஊர்ப் பஞ்சாயத்து. இந்த வருடம் கொஞ்சம் மெதுவாக அடி, அடுத்த வருடம் தொழுகை முடியும்வரை நில் என்று இழுத்துப் பறித்து ஓட்டிவிடலாம். வழக்கென்று வந்ததும் ஒருவருக்கு வெற்றி, ஒருவருக்குத் தோல்வி. இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று எதிர் என்பதால் இரண்டு தரப்பும் தோற்றதாகவே நினைத்தது.

தெருவோரம், வெள்ளைக்காரன் வேண்டுமென்று மூட்டிவிட்டான் என்பதை நான் நம்பவில்லை. அப்போதைய ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸ் பாலி மொழி அறிஞர், பௌத்த நூல்களைப் பதிப்பித்தவர். அவர் ஆட்சியில்தான் பௌத்தர்கள் வீதியில் சுடப்பட்டார்கள். சூழ்ச்சி என்பதைவிடப் பீதி. உலகப் போர் நேரம், பின்னால் ஜெர்மன் கை இருக்குமோ என்ற பயம். ஜூன் 2-இல் இராணுவச் சட்டம், ஓகஸ்ட் 30 வரை. பஞ்சாபிப் படை இறங்கியது. தோட்டத்துரைமார் கையில் துப்பாக்கி. மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த டி. எஸ். சேனாநாயக்க, எஃப். ஆர். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க எல்லாரும் உள்ளே. கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாக இருந்த 27 வயதுப் பேதிரிஸை இராணுவ நீதிமன்றம் விசாரித்து ஜூலை 7 அன்று வெலிக்கடையில் சுட்டுக் கொன்றது.

---

நூலகப்பூச்சி | ஞாயிறு, பகல் 2.11

26. பிறந்தது 1888 ஓகஸ்ட்.

---

பழைய_ஏடு | ஞாயிறு, பகல் 2.13

திருத்திக்கொள்கிறேன். உங்களை வைத்துக்கொண்டு ஒரு வயதைக்கூடக் கூட்டிச் சொல்ல முடியாது.

---

வடமராட்சி | ஞாயிறு, மாலை 5.45

அண்ணை, இராமநாதனை ஒரு வரியில் கடந்து போறது நியாயமில்லை. போர்க்காலம், கடல் முழுக்க ஜெர்மன் நீர்மூழ்கிகள், ஆளுக்கு அறுபது தாண்டின வயது. சட்டசபையில் நாள்கணக்காகப் பேசி, புத்தகம் எழுதி, லண்டன் போய் வாதாடினவர். கிறிஸ்தவரான ஈ. டபிள்யூ. பெரேரா சப்பாத்துக்குள் ஆவணத்தை ஒளித்துக் கொண்டுபோன கதையும் அப்பதான். சால்மர்ஸைத் திருப்பி எடுத்தார்கள். இராமநாதன் வந்திறங்கினபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைச் சிங்களத் தலைவர்களே வீடுவரை இழுத்தார்கள். இன்னொரு இனத்துக்காக இப்படி நின்ற ஆள் வேறு யார்?

---

புத்தளத்தான் | ஞாயிறு, இரவு 9.30

வடமராட்சி தம்பி, அந்த வண்டிக் கதையை நானும் பாடப் புத்தகத்தில் படித்தேன். படித்த அன்றைக்கு வாப்பாவிடம் கேட்டேன், அந்த வண்டி போன தெருவில் எரிந்த கடை ஏதாவது இருந்திருக்குமா என்று. வாப்பா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

இராமநாதன் வாதாடியது இராணுவச் சட்டத்தின் அட்டூழியத்துக்கு எதிராக. அதில் குறை இல்லை. விசாரணையே இல்லாமல் சுட்டது அநியாயம்தான். ஆனால் கடை இழந்தவனுக்காக அந்த அளவு குரல் எழவில்லை, எங்கள் ஆட்கள் மேல்தான் குற்றம் திரும்பியது. அதற்கும் முன்னால், 1888-இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தவரும் அவர்தான். சட்டசபையில் சோனகருக்குத் தனி இடம் கொடுப்பது பற்றிய பேச்சு நடந்த நேரம் அது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907-இல் அதற்கு மறுப்பு எழுதினார். "நீ நானே" என்று ஒருவர் சொல்லிவிட்டு, அடி விழும்போது பக்கத்தில் இல்லை என்றால் மற்றவர் என்ன நினைப்பார்?

மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபர் 30. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணம் சோனகதெரு. விடுதலைப் புலிகள் இயக்கம் ஒலிபெருக்கியில் முஸ்லிம்களை மைதானத்துக்கு வரச் சொன்னது. இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும். வாப்பா தையற்காரர். மெசினில் ஒரு தமிழ் மாப்பிள்ளையின் கல்யாணச் சட்டை பாதியில் இருந்தது, ஒரு கை மட்டும் பூட்டியபடி. நகை, பணம் எல்லாம் சோதனைச் சாவடியில் போயிற்று. வாப்பாவின் சட்டைப் பையில் இருந்த அளவுக் கொப்பியை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். தோள் பதினெட்டு, கழுத்து பதினைந்து என்று எழுதிய கொப்பி யாருக்குத் தேவை? புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதும் அதை வைத்திருந்தார். 2003-இல் திரும்பிப் போய் முதலில் விசாரித்தது அந்த மாப்பிள்ளையை. கனடாவுக்குப் போய்விட்டாராம்.

---

வடமராட்சி | ஞாயிறு, இரவு 10.50

நானா, என்ன எழுதுறது என்று தெரியேல்லை. எங்கட வீட்டில் 83 கலவரம் பற்றி நூறு தரம் கதைத்திருக்கிறம். 90 பற்றி ஒருக்காவும் கதைத்ததில்லை. நான் பிறந்தது 91. அந்தத் தெருவில் ஏன் வீடுகள் கூரையில்லாமல் நிற்குது என்று கேட்டால் "சண்டையில் உடைஞ்சது" என்பார்கள்.

---

தெருவோரம் | ஞாயிறு, இரவு 11.05

வெளியேற்றம் மதப் பிரச்சினை இல்லை, போர்க்காலப் பாதுகாப்புப் பிரச்சினை. கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படை தமிழ்க் கிராமங்களில் என்ன செய்தது என்பதையும் பேசுங்கள்.

---

நூலகப்பூச்சி | திங்கள், காலை 7.20

பேசலாம். கிழக்கில் 1985 முதல் இரண்டு பக்கமும் எரித்திருக்கிறார்கள், தமிழர் பட்டதும் சிறிதல்ல. ஆனால் 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் புலிகளால் சுடப்பட்டவர்கள் இஷா தொழுகையில் நின்றவர்கள், 100-க்கு மேற்பட்டோர். வடக்கில் விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரைப் பிரித்தெடுத்த அளவுகோல் ஒன்றே ஒன்று: முஸ்லிமா இல்லையா. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் 1915-இல் சுட்ட பஞ்சாபிப் படையையும் பாதுகாப்பு என்றுதான் சொல்ல வேண்டிவரும். 2002 ஏப்ரல் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அன்ரன் பாலசிங்கமே அது பிழை என்று ஒப்புக்கொண்டாயிற்று. இன்னும் நாம் முட்டுக் கொடுப்பானேன்?

---

கம்பளைக்காரன் | திங்கள், காலை 8.10

ஏடு ஐயாவின் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மேளச் சத்தம் எப்படி ஐந்து மாகாணம் போனது?

---

பழைய_ஏடு | திங்கள், காலை 11.40

ரயிலில் போனது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கலவரம் பெரும்பாலும் ரயில் பாதையோரமாகவே பரவியது, கொழும்பில் முன்னின்றவர்களில் ரயில்வேத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். வண்டியோடு வதந்தியும் இறங்கியது: சோனகர், புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையைத் தாக்கிவிட்டார்கள் என்று.

வதந்தி பற்றிக்கொள்ள எண்ணெய் ஏற்கனவே ஊற்றியிருந்தது. போர் தொடங்கியதும் விலைவாசி ஏறியது. கிராமத்துக் கடை பெரும்பாலும் கரையோரச் சோனகருடையது, காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் கடனுக்குக் கொடுப்பதைக் குறைத்தார்கள். பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால அதற்கு முன்பே தன் பத்திரிகையில் அவர்களை அந்நியர், சுரண்டுபவர் என்று எழுதி வந்தார். அரிசி விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டவனுக்கு விடை கைக்கெட்டும் தூரத்தில், கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. அடி முதலில் கரையோரச் சோனகருக்கு. இரண்டாம் நாளில் யார் கரையோரம், யார் தலைமுறை தலைமுறையாக இலங்கைச் சோனகர் என்று எவனும் பார்க்கவில்லை.

இப்போது ரயில் வேண்டாம், கைபேசி போதும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் கொத்து ரொட்டிக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு காணொளி. அரச பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று தெரிவதற்குள் பள்ளிவாசல் உடைந்திருந்தது. அடுத்த வாரம் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் கலவரம். அளுத்கமவிலும் 2014-இல் தீவிர பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் கூட்டம் முடிந்து கூட்டமாக முஸ்லிம் பகுதிக்குள் போனபோதுதான் வெடித்தது. மறுபடியும் ஊர்வலம், மறுபடியும் கடை.

---

காயல்_நண்பன் | திங்கள், இரவு 8.25

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காயல்பட்டினம் பெயர் வந்ததால் பெட்டியைத் திறந்தேன்.

வாப்பாவின் பாட்டனார் குருநாகல் பக்கம் ஒரு கிராமத்தில் கடை வைத்திருந்தவர். அவருடைய நாள்வழிக் கணக்குப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, கொல்லம் ஆண்டு 1090-91, அதாவது 1914-16. தமிழ் எழுத்தில் சிங்களப் பெயர்கள். "அப்புஹாமி, அரிசி 2 கொத்து, கருவாடு, மண்ணெண்ணெய் ஒரு போத்தல், பற்று." இப்படிப் பக்கம் பக்கமாக. 1090 வைகாசி பாதியில் எழுத்து நின்றுவிடுகிறது. அடுத்த மூன்று பக்கம் வெற்றுத் தாள். கடை போனது அப்போதுதான்.

1091-இல் மறுபடி தொடங்குகிறது, அதே ஊர், அதே கையெழுத்து. அரிசி வாங்குகிறவர்களும் முக்கால்வாசி அதே பெயர்கள்.

---

பழைய_ஏடு | திங்கள், இரவு 8.40

நண்பரே, நட்ட ஈடு பற்றி ஏதாவது இருக்கிறதா? அரசாங்கம் சட்டம் போட்டுக் கலவரம் நடந்த பகுதிச் சிங்களவர்களிடம் தண்டல் செய்து அதைக் கொடுத்தது. கொள்ளையில் கை வைத்தவன், வைக்காதவன் எல்லாருக்கும் வரி.

---

காயல்_நண்பன் | திங்கள், இரவு 9.55

இருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்குகிறது. பங்குனியில் "சர்க்கார் நட்டம் வகை, வரவு" என்று ஒரு வரி. தொகையின் மேல் பூச்சி அரித்திருக்கிறது.

அதற்கு நாலு வரி கீழே: "அப்புஹாமி, சர்க்கார் தண்டலுக்கு ரொக்கம் ரூ. 8, பற்று." இத்தனை நாளாக இதை ஏதோ நிலவரி என்று நினைத்திருந்தோம்.

---

புத்தளத்தான் | திங்கள், இரவு 10.02

யா அல்லாஹ். கடை எரிந்ததற்கு வரி கட்ட, கடைக்காரரிடமே கடனா?

---

நூலகப்பூச்சி | திங்கள், இரவு 10.04

திருப்பிக் கொடுத்தாரா?

---

காயல்_நண்பன் | திங்கள், இரவு 10.30

ஆனியில் 3 ரூபாய் வரவு. மீதி 5-க்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வரியில் மறுபடியும் அரிசி 2 கொத்து, பற்று. தாள் தொட்டாலே உதிர்கிறது, நாளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.